அதிபர் ஊடாக ஒரு விண்ணப்பம்

அலுவலகத்துக்கு வந்த கடிதத்துக்கு உடனே முடிவு சொல்ல ஏலாதென்றால், கடிதம் கிடைத்தது என்றாவது எழுதி அனுப்ப வேண்டும். இது விதி. வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் இதை எழுதுவினைஞர்களுக்கு மனப்பாடமாக்கியவன் நான். ஓய்வுபெற்ற பிறகுதான் அந்த விதி எவ்வளவு அழகாக எழுதப்பட்டது, எவ்வளவு குறைவாக வாசிக்கப்பட்டது என்று விளங்கியது.

எங்கள் மகளுக்கு ஒரே கிழமையில் இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று பல்கலைக்கழகத்தில் கட்புலக் கலைப் பட்டப்படிப்பு, நான்கு வருடம். மற்றது கொழும்பில் ஒரு தனியார் ஓவியப் பள்ளி. ஒரே வருடம், காலையிலிருந்து பின்னேரம் வரை படம் கீறுவது மட்டும். பட்டம் கிடையாது. அவள் உட்துறைமுக வீதியில் நின்று, நங்கூரமிட்ட கப்பல்களின் துருவை மட்டும் கீறிக்கொண்டு வருகிற பிள்ளை. ஒருநாள் துறைமுகத்தில் காவலுக்கு நின்றவர் படக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, கப்பல் இப்படி இருக்காது என்று திருப்பிக் கொடுத்தாராம். ஓவியப் பள்ளி நேர்முகத்தில் அதே படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, மூன்று பேர் எழும்பி வந்து பார்த்தார்களாம். அன்றையிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை.

"பட்டம் இல்லாமல் சித்திர ஆசிரியர் நியமனம் எடுக்க ஏலாது," என்றேன்.

"நான் ரீச்சராப் போறன் எண்டு எப்ப அப்பா சொன்னனான்?"

"பிறகு சொல்லுவாய்."

குசினிக்குள் இருந்து மனைவி, "பென்சனுக்கும் இப்பவே எழுதிக் குடுங்கோவன்," என்றார்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். பல்கலைக்கழகப் பதிவை ஒரு வருடம் பிற்போட அனுமதித்தால், அந்த வருடம் ஓவியப் பள்ளி, பிறகு பட்டம். அனுமதி கேட்டு எழுதுவது என் பொறுப்பு. வேறு எந்தத் தகப்பனும் பதிவாளருக்கு நேராக எழுதியிருப்பான், அல்லது தொலைபேசியை எடுத்திருப்பான். நான் விண்ணப்பத்தின் தலைப்பில் 'அதிபர் ஊடாக, வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக' என்று எழுதினேன். முதலில் அவள் படித்த பாடசாலையின் அதிபர், பிறகு என் பழைய அலுவலகம், அதற்குப் பிறகுதான் பதிவாளர். பழக்கத்தில் கை எழுதிவிட்டது என்று பிறகு மனைவியிடம் சொன்னேன். அது பொய். உரிய வழியால் போகும் கடிதத்தை ஒருவரும் தட்டிக்கழிக்க ஏலாது என்று யோசித்துத்தான் எழுதினேன்.

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். இப்படியான கடிதங்களைப் பார்க்கிற மேசையில் இருந்தவர் ஒருகாலத்தில் எனக்குக் கீழே வேலை செய்த பெண். கதிரை போட்டு, தேத்தண்ணி எடுப்பித்து, பிறகு சொன்னார்: "சேர், அதிபரின்ர முத்திரைக்குக் கீழ திகதி இல்லை. பாடசாலைக்குத் திருப்பி அனுப்பிட்டம்."

"ஒரு திகதிதானே, பிள்ளை."

"நீங்களா சேர் இதைச் சொல்லுறீங்கள்? திகதி இல்லாத முத்திரைக்கு உங்களிட்ட நான் வாங்கின ஏச்சு இன்னும் காதுக்குள்ள நிக்குது."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பாடசாலைக்குப் போய்த் திகதி போடுவித்து, திரும்பவும் உரிய வழியாலேயே அனுப்பினேன்.

இதற்கிடையில் ஓவியப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. செப்டெம்பர் கடைசி வெள்ளி வரைக்கும் இடத்தை வைத்திருப்பார்களாம். பல்கலைக்கழகத்தில் பதியாமல் விட்டால் அந்த இடம் போய்விடும். பதிந்தால் ஓவியப் பள்ளி இல்லை. மகள் முன்னறையில், பாதி அடுக்கிய பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு நாளும் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் எங்கள் படலையைத் தாண்டிப் போகும்.

"நான் ஒருக்கா பதிவாளருக்குக் கோல் எடுத்துக் கேக்கட்டே, அப்பா?"

"வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்பார்கள். எழுத்தில் வரட்டும்."

"நான் கீறத் தொடங்கின கப்பல்கூட வெளிக்கிட்டிட்டுது."

அந்த வெள்ளிக்கிழமை அவளே ஓவியப் பள்ளிக்கு அழைத்து, என் முன்னால் நின்றே, வரமாட்டேன் என்று சொன்னாள். மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள், என்னிடம் அல்ல. பெட்டியில் இருந்ததை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். அக்டோபரில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வித்தேன். நான் பென்சிலால் புள்ளடி போட்டு வைத்திருந்த இடங்களில் எல்லாம், வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள். எங்களுடைய ஆவணக் கோவையில் ஒரு குறை கிடையாது என்று அங்கிருந்த உத்தியோகத்தர் பாராட்டினார்.

பிற்போடுவதற்கு மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம், வேறு எவர் ஊடாகவும் அனுப்பத் தேவையில்லை, பதிவுக்கு முன்னர் கேட்பவர்களுக்கு ஒரு வருடம் வழங்கப்படும் என்று பதிவாளர் மூன்று வரியில் தெளிவாக எழுதியிருந்தார். அந்தக் கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது நவம்பர் பதினொன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை.