அரிசிக்கு அங்கே என்ன பேர்?

என் ஓரகத்தி காத்தாயி காலையிலிருந்து ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு வாயில அரிசி போட விடுவாங்களாக்கா?"

அழவில்லை. பந்தலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சரிசி நனைத்து வைத்திருந்தது. அவள் புருஷன், என் கொழுந்தனார் வைரக்கண்ணு, ஜெர்மனியில் ஒரு ஓட்டல் அடுப்படியில் நெஞ்சடைத்துப் போய்விட்டார். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வண்டி வந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் போகுமுன் கட்டியவள் கையால் ஒரு பிடி அரிசி வாயில் விழ வேண்டும். எங்கள் சனத்தில் அது இல்லாமல் ஒருத்தரும் போனதில்லை.

காத்தாயி திருப்பனந்தாள் பக்கம் நடவுக்குப் போய் வளர்ந்தவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். கல்யாணமாகிப் புருஷனோடு இருந்ததைவிட அவரோடு போனில் பேசிய காலம்தான் அதிகம். அவர் போன தேசமெல்லாம் அடுப்படி வேலை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். இவள் முதலில் கேட்பது சோறு தின்றாரா என்றுதான். அந்த ஊரில் அரிசிக்கு என்ன பேர் என்று அவரும் சொல்லுவார்.

அதையே பந்தலில் மகள் மதிவதனியிடம் கேட்டாள். அவள் தஞ்சாவூரில் மொழிப் படிப்பு படிக்கிறாள்.

"கடைசியா இருந்த ஊருல அரிசிக்கு என்ன பேருடி?"

"ரைஸ்மா. இங்கிலீஷ் மாதிரியேதான். எழுத்துதான் வேற."

"அதுக்கு முன்ன?"

"இத்தாலில ரீசோ. பிரான்ஸ்ல ரீ. ஸ்பெயின்ல அரோஸ்."

எதிர்வீட்டு ராசம்மாள் நிமிர்ந்தாள். "நம்ம அரிசி மாதிரியில்ல இருக்கு?"

"அது அரபுக்காரங்க பேச்சுலேர்ந்து வந்தது அத்தை. அவங்க அதை ருஸ்னு சொல்லுவாங்க. மத்ததெல்லாம் கிரேக்கத்துல ஒரூஸான்னு இருந்து, ஊர் ஊரா தேஞ்சு போனது." பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள் பிள்ளை. "கிரேக்கத்துக்கே நம்ம அரிசிதான் போச்சுன்னு சில பேரு சொல்றாங்க. இல்ல, பாரசீகம் பக்கத்துலேர்ந்து போனதுன்னு நிறைய பேரு சொல்றாங்க."

"நம்மளதுன்னே சொல்லுடி. எவன் வந்து கேக்கப்போறான்?" என்றாள் ராசம்மாள்.

"இத்தாலில ரீசோன்னா சிரிப்புன்னும் அர்த்தம். அதுக்கு வேர் வேற."

"சொன்னாரு" என்றாள் காத்தாயி. "அரிசி இருந்தா சிரிப்பு தன்னால வரும், இதுக்கு ஒரு பாஷையான்னேன். சிரிச்சாரு."

அவள் முகத்தில் ஒன்றுமில்லை. கிண்ணத்து அரிசியைக் கிளறிக்கொண்டே, "வாய்க்கரிசிக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்குப் பேரு இல்லம்மா. அங்க அந்த வழக்கமே கிடையாது."

வண்டி வந்துவிட்டது. இறக்கிவைத்தது நீளமான மரப்பெட்டி. சாக்குத் துணி சுற்றித் தைத்திருந்தது. உள்ளே தகரப் பெட்டி, பற்றவைத்து மூடியது என்றார் டிரைவர்.

"தொறக்கவே கூடாதுங்க. ரொம்ப நாளாச்சு. கூட்டத்துல புள்ளைங்க எல்லாம் இருக்கு."

என் வீட்டுக்காரர் தன் தம்பியின் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுக் காத்தாயியிடம் வந்தார். "எரிக்கிற சனமா நாம? அப்படியே பொட்டியோட குழியில வச்சிடலாம்மா. அரிசியை மேல தூவிடு. ஆத்தாளுக்குத் தெரியும்."

பொம்பளைகள் ஒவ்வொருத்தராகச் சுற்றி வந்து தூவினோம். மாரியாத்தா, கொண்டு சேர்த்துவிடு என்று சொல்லிக்கொண்டுதான் நானும் போட்டேன். ஈர அரிசி சாக்கில் அங்கங்கே ஒட்டிக்கொண்டது. கடைசியாகக் காத்தாயி எழுந்தாள். பிடி அரிசியோடு ஒரு சுற்று வந்தாள். நின்றாள். மறுபடி ஒரு சுற்று வந்தாள்.

"தலைமாடு எது மாமா?"

என் வீட்டுக்காரர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் குனிந்து இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"தெரியலைங்க. ஏத்துறப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார். காத்தாயி கையைப் பார்த்தாள். அப்புறம் அந்த அரிசியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடியே, துப்புடி! துப்புடி!" ராசம்மாள் ஓடி வந்தாள். வாய்க்கரிசியை யாராவது தின்பார்களா? நானும் அவள் தாடையைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கக்கூட இல்லை. அரிசி நறநறவென்று அரைபடும் சத்தம் கேட்டது. மென்று, முழுங்கினாள்.

"தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்கள்.