செல்வி டீச்சரின் ஐந்து ஆமைகள்

இரும்பு ஸ்கேலை நீட்டி, சுவரில் இருக்கும் முதல் பிராணியின் விலாவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பின்னால் திரும்பாமலே கேட்பார் செல்வி டீச்சர்: "ஏலே, இதுக்கு ஓடு எங்க?" பின்னால் வரும் பிளஸ் டூ பிள்ளைகள் "இல்ல டீச்சர்!" என்பார்கள். "அப்போ இது எப்பிடி ஆமைக்கு முப்பாட்டன் ஆச்சு?" என்று அடுத்த தட்டு விழும். விலா எலும்பு மற்ற பிராணிகளுக்கு இருப்பதைவிட அகலம் என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்லும்வரை ஸ்கேல் அந்த இடத்தை விட்டு நகராது. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளி அது. கேட்டில் தொடங்கும் நீண்ட வராந்தா தாளாளர் அறை வாசலில் போய் முடிகிறது. அதன் சுவரில் பெயிண்டில் வரைந்த ஐந்து பிராணிகள் கேட்டுப் பக்கத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக நடந்து வந்தன. பரிணாமப் பாடத்தை டீச்சர் வகுப்பறையில் நடத்துவதே கிடையாது. இந்தச் சுவரோரம் நடந்துகொண்டேதான் நடத்துவார்.

முழுப்பெயர் இசக்கிசெல்வி. வயது நாற்பத்து மூன்று. காலையில் ராயகிரியிலிருந்து வரும் பஸ்ஸில், மார்க்கெட்டுக்குப் போகும் பூ மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வருவார். இடம் கிடைத்தாலும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாராம், தூங்கினால் வாய் திறந்துகொள்ளுமாம். விழித்திருக்கும்போது மட்டும் அந்த வாய் மூடிக் கிடந்ததாக யாரும் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மீன்கடை பிளெக்ஸில் டால்பின் படம் போட்டிருந்தது. நேராகக் கடைக்குள் போய், "அண்ணாச்சி, அது மீன் இல்ல. நம்மள மாதிரி குட்டி போட்டுப் பால் குடுக்குத சாதி. எடுத்துருங்க" என்றார். "நான் அத விக்கலயே டீச்சர், படந்தானே போட்டிருக்கேன்" என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். போக வர நச்சரித்து, டால்பின் மேல் ஒரு சீலா மீனை ஒட்ட வைத்த பிறகுதான் விட்டார்.

தப்பு என்று தெரிந்த ஒன்றைத் தாண்டிப் போக அவருக்கு வராது. முன்பு வேலை பார்த்த பள்ளியில், ஆண்டுவிழா மேடையில் சிறப்பு விருந்தினர் வௌவாலைப் பறவை என்று சொல்லிவிட்டார். டீச்சர் கீழே ஆசிரியர் வரிசையிலிருந்து எழுந்து நின்று திருத்தினார். அந்த வேலை அதோடு போயிற்று.

ஆமைக்கு ஓடு பாதுகாப்புக்காக வந்தது என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிவிட்டால் போச்சு. "எவம்லே சொன்னான்? முதல் ஆளு மண்ணத் தோண்டிப் பொழச்சவன். தோண்டுதப்போ ஒடம்பு ஆடக்கூடாதுன்னுதான் விலா அகண்டுச்சு. அப்பிடித்தான் இப்போ ஆராய்ச்சிக்காரங்க சொல்லுதாங்க. பாதுகாப்பெல்லாம் பொறவு வந்த பேச்சு" என்பார். இரண்டாவது பிராணிக்கு வயிற்றடியில் எலும்பு தடித்திருக்கும். மூன்றாவதுக்கு அடிவயிற்றில் மட்டும் ஓடு. முதுகு வெறும் முதுகு, வாய் நிறையப் பல். நான்காவதுக்கு முழு ஓடும் வந்தாயிற்று, ஆனால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் வழியில்லை. அந்த இடத்தில் டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கும். "இம்புட்டுப் பெரிய ஓட்ட வச்சிக்கிட்டு, தலைய நீட்டிக்கிட்டே திரிஞ்சிருக்கு பாருங்க." பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'நாலாம் நம்பர்'. அது அவருக்குத் தெரியும். உள்ளூரச் சந்தோஷமும் உண்டு.

ஐந்தாவது, வாசுதேவநல்லூர்க் குளங்களில் கிடக்கும் சாதாரண ஆமை. எம்.ஃபில். படிப்புக்காக அந்தக் குளக்கரைகளில் டீச்சர் வெயிலில் அலைந்த காலம் ஒன்று உண்டு. பிஎச்.டி.க்குப் பதிவு செய்த வருஷமே கல்யாணமும் ஆயிற்று. கரையில் பொறுக்கிய ஓர் ஓட்டைத் துணியில் சுற்றிப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆமை நுழைந்த குடும்பம் நொடித்துப்போகும் என்ற பயம் இந்தப் பக்கத்தில் படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் பொது. மாமியார் அதைக் கையால் தொடாமல் முறத்தில் தள்ளிக்கொண்டுபோய் ஓடையில் வீசினார். "செத்த ஆமைதானே அத்தே, அது எங்க நடந்து வரப்போகுது?" என்று கேட்டதற்கு ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பிஎச்.டி.யும் பாதியில் நின்றது.

அப்படிப் பறிபோனதற்கெல்லாம் சேர்த்து அவருக்குக் கிடைத்ததுதான் இந்தச் சுவர். கடைப் பெயர்ப் பலகையும் கட்சி விளம்பரமும் எழுதும் ரிபாயிதான் வரைந்தான். டீச்சர் கூடவே நின்று, பல்லையும் நகத்தையும் திருப்பித் திருப்பி வரைய வைத்தார். "டீச்சர், எலெக்‌ஷனுக்கு வரைஞ்ச தலைவர் மொகத்தக்கூட யாரும் இம்புட்டு உத்துப் பாக்கல" என்று அவன் நொந்துகொண்டான். முடிந்தபோது ஒரு தப்பு இல்லை. ஊரில் தப்பில்லாத சுவர் இது ஒன்றுதான் என்று டீச்சர் வெளிப்படையாகவே பெருமையடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் பள்ளியில் அட்மிஷன் படுத்துவிட்டது. ராஜபாளையம் ரோட்டில் புதுப் பள்ளி ஒன்று ஏ.சி. பஸ்ஸோடு வந்ததுதான் காரணம் என்பது பஸ் டிரைவர்களுக்குக்கூடத் தெரியும். தாளாளர் சங்கரசுப்பிரமணியன் வாஸ்து பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் வராந்தாவில் நாலு எட்டு வைத்ததும் நின்று, சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் டீச்சருக்கு அழைப்பு வந்தது.

"அஞ்சு ஆமை டீச்சர். கேட்டுல நொழஞ்சு நேரா என் ரூமப் பாத்துல்லா வருது."

"மொத ரெண்டும் இன்னும் ஆமையே ஆகல சார்" என்றார் டீச்சர்.

தாளாளர் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த அவர் விரலில் ஒரு வெள்ளி ஆமை மோதிரம். அதன் தலை அவரைப் பார்த்து இருந்தது. டீச்சரின் வாய் சும்மா இருக்குமா? "இதுவும் உங்களப் பாத்துத்தானே சார் வருது?"

"இது வேற. இது லட்சுமி கடாட்சம்." மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "வெள்ளையடிச்சிரத்தான் சொன்னாரு. நீங்க ஆசைப்பட்டு வரஞ்சதாச்சேன்னு பாக்குதேன். மொகத்த எல்லாம் கேட்டுப் பக்கம் திருப்பி விட்டுருங்க. வெளிய போற மாதிரி இருந்தா தோஷமும் கூடவே போயிரும்."

"திருப்பினா, இன்னைக்கு இருக்குற ஆமை ஓட்டக் கழத்திப் போட்டுட்டுப் பழைய பிராணியா ஆகப்போற மாதிரி இருக்கும் சார். பிள்ளைங்க தப்பாப் படிக்கும்."

தாளாளர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "மக இங்கனதானே படிக்கா? பிளஸ் ஒன்னா? நல்லாப் படிக்காளாமே."

டீச்சர் அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டார். மகளுக்கு அங்கே ஃபீஸ் கிடையாது, டீச்சர் பிள்ளை என்கிற சலுகை. கணவர் கண்ணன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய் இரண்டு வருஷமாக வீட்டோடு இருக்கிறார். இந்த வேலையும் போனால், நாற்பத்து மூன்று வயதில், வாயாடி என்று பெயர் வாங்கியவரை வேறு எந்தப் பள்ளி எடுக்கும்? மகளின் படிப்பு ஒரு தட்டிலும் சுவர் மறுதட்டிலுமாக அந்த மேஜைமேல் வைத்தாயிற்று.

"சரி சார்" என்றார்.

வெளியே வந்ததும் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது அவருக்கு. ஆசிரியர் அறையில் விஷயம் முன்னாடியே வந்து சேர்ந்திருந்தது. "விடுங்க டீச்சர், சுவருதானே" என்றார் கணக்கு டீச்சர். "ஆமா, சுவருதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, சாப்பிடாமலே மூடினார். அன்று பகல் அவர் வேறு எதுவும் பேசவில்லை. யாருக்கும் அது வினோதமாகத் தெரியவில்லை என்பது அவரை இன்னும் அதிகமாக உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ரிபாயி வந்தான். கூடவே நின்று முடித்துக் கொடுக்கச் சொல்லி டீச்சருக்குத் தாளாளர் உத்தரவு. சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவன் ஒரு யோசனை சொன்னான். "முழுசாத் திருப்பி வரையணும்னா ரெண்டு நாளு பிடிக்கும் டீச்சர். தலைய அழிச்சிட்டு அங்கன வால வைக்கேன், வால அழிச்சிட்டு இங்கன தலைய வைக்கேன். நடுவுல உள்ளது எந்தப் பக்கம் பாத்தா என்ன, ஒண்ணுதானே?" வேறொரு நாளாக இருந்தால் அந்த 'ஒண்ணுதானே'வுக்காகவே அவனுக்கு அரை மணி நேரம் பாடம் நடந்திருக்கும். டீச்சர் ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பல்லுள்ள தலை போயிற்று. அடுத்து, உள்ளே இழுக்கத் தெரியாத அந்த நான்காவதின் தலைமேல் வெள்ளைப் பெயிண்ட் ஏறியபோது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் தாளாளர் காரில் வந்தார். கேட்டைப் பார்த்துத் திரும்பியிருந்த தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். முகத்தில் நிம்மதி.

"இப்போ சரியா இருக்கா டீச்சர்?"

டீச்சரின் கண் தலைகளில் நிற்கவில்லை. கீழே இறங்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகப் போய் வந்தது. "சரியா இருக்கு சார்" என்றார். கார் போய்விட்டது.

ரிபாயி பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். பார்த்தவன் நாக்கைக் கடித்தான். "டீச்சர், காலு! காலத் திருப்ப மறந்துட்டேன். தலைதான் கேட்டப் பாக்குது, வெரலு நகம் எல்லாம் ஆபீசப் பாத்துல்லா நடக்குது. எல்லாம் இன்னும் உள்ளதான் வந்துக்கிட்டிருக்கு. ஒரு மணி நேரம் குடுங்க, மாத்திருதேன்."

டீச்சர் எழுந்து வந்தார். தரையில் கிடந்த மூடியை எடுத்துப் பெயிண்ட் டப்பாமேல் வைத்து, இரும்பு ஸ்கேலால் சுற்றிலும் தட்டித் தட்டி இறுக மூடினார்.