சாக்குக் கழிவு

எனக்கு வேலை போன செய்தி எனக்கு முன்பாகவே கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு பெட்டி, ஒரு மிக்ஸி, சுருட்டிய யோகா பாய் ஆகியவற்றோடு நான் ரயிலை விட்டு இறங்கியபோது, எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணாச்சி, "ஆபீசையே மூடிட்டாவளாம்லா" என்று துக்கக் குரலில் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைக் கையில் வாங்கினார்.

மூடியது எங்கள் பிரிவை மட்டும். பெங்களூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி அது. அங்கே மற்றவர்கள் அளப்பது சரியா என்று அளந்து பார்ப்பது என் வேலை. எந்தக் கருவி வந்தாலும் அதை முதலில் வெறுமையாக வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தொழிலில் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் என் மானம் போகும் இடத்தில் தேவைப்படும்.

எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினால் பார்க்க வருவார்கள். வெறுங்கையோடு வர மாட்டார்கள். வேலை போனவரைப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு முறை இன்னும் ஏற்படவில்லை என்பதால் என்னையும் நோயாளிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். முதல் வாரத்தில் வந்து சேர்ந்தவை: காராச்சேவு, கடலைமிட்டாய், ரொட்டி, சத்துமாவு டப்பா, மறுபடியும் காராச்சேவு. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் எதிர்வீட்டு அத்தை மட்டும் மூன்று தடவை வந்தார். வரும்போதெல்லாம் காய்ச்சல் பார்ப்பதுபோல் என் நெற்றியைத் தொட்டார். "மதினி, பிள்ள எப்படி எளச்சுப் போச்சு பாத்தியளா" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த நேரம் என் சுடிதாரின் பக்கத் தையல் இரண்டாம் முறையாகப் பிரிந்து ஊக்கில் நின்றுகொண்டிருந்தது.

அம்மா சர்க்கரைக்காரி. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் அவளுடைய இன்சுலின் இருக்கும். வந்து குவிந்ததில் எதையும் அவள் வாயில் வைக்கக் கூடாது. ஆனால் நல்ல பண்டம் வீணாகப் போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "நான் திங்கக் கூடாததையும் சேத்து நீ தின்னு" என்று தட்டை நகர்த்துவாள். நான் தின்னும்போது என் வாயையே பார்ப்பாள். மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்று சொன்னால் அவளுக்குத் திருப்தி. ஆக நான் இரண்டு பேருக்காகத் தின்றேன்.

பழியை அம்மா மேல் முழுவதும் போட முடியாது. நான் எப்போது தின்கிறேன் என்று யோசித்துப் பார்த்தால் பசி என்பது கடைசி இடத்தில்தான் வந்தது. மடிக்கணினியில் நேர்காணல் முடிந்து, "பிறகு தகவல் சொல்கிறோம்" என்று அவர்கள் சிரித்தால் காராச்சேவு. பிறகு தகவல் வராவிட்டால் கடலைமிட்டாய். தகவல் வந்துவிட்டால், அது என்ன தகவலாக இருக்கும் என்று தெரிந்ததுதானே, இரண்டும். ஆவணியில் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது, முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு சத்துமாவைக்கூட விட்டுவைக்கவில்லை. எவ்வளவு பெரிய வீடோ, இன்றுவரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வாய் தவறிச் சொன்னேன். அம்மா மறுநாளே தன் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள். இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனை. எண் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே நின்றது. டாக்டர் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று மாதம் தருகிறேன், எடையைக் குறைத்துக்கொண்டு வா, இந்த எண் இறங்காவிட்டால் மாத்திரை தொடங்க வேண்டியதுதான் என்றார். அம்மாவுக்கும் மாத்திரையில்தான் தொடங்கியது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் ஒனக்கு நகைதான் குடுக்கணும்னு நெனச்சேன்."

அன்று இரவு நான் செய்யவேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். காலையில் நடை. ராத்திரிக்குச் சோறு பாதி. பண்டங்கள் பரணில். ஏணி எதிர்வீட்டில். வாரம் ஒருமுறை எடை. தினமும் ஒரு மணி நேரம் எனக்கென்று, கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டு கேட்டபடி.

கடைசியில் உள்ளதுதான் முதலில் தோற்றது. நான் கதவைச் சாத்திய சிறிது நேரத்தில் அம்மா தட்டினாள். சும்மா படுத்திருக்கிறேன் என்றேன். அவள் எதிர்வீட்டு அத்தையைக் கூட்டி வந்தாள். வேலை போன பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் தனிமையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான் பாட்டு கேட்டேன், அவர்கள் பூண்டு உரித்தார்கள்.

ஏணியும் நாளடைவில் திரும்பி வந்துவிட்டது. ஏறி இறங்குவதும் உடற்பயிற்சிதானே என்று எனக்குள் ஒரு வாதம் எழுந்தது. அதை வென்றுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஏறினேன்.

எடை மேடை வாங்கலாம் என்றபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. "கடையில யானையே நிக்கலாம், அவ்வளவு பெரிய தராசு கெடக்கு" என்றார். அப்பா பயறு கமிஷன் கடை வைத்திருக்கிறார். விளாத்திகுளம், எப்போதும்வென்றான் பக்கத்திலிருந்து உளுந்தும் பாசிப்பயறும் மிளகாயும் மூட்டை மூட்டையாக வரும். தரையோடு இரும்புத் தட்டு, பக்கத்தில் ஒரு கம்பத்தில் சிவப்பு எழுத்து ஓடும் எலெக்ட்ரானிக் தராசு. மூட்டையைப் போட்டு எடை பார்த்ததும் சாக்கின் எடையைக் கழிப்பார்கள். மண்ணும் தூசியும் இருந்தால் அதற்கும் கொஞ்சம் கழிப்பார்கள். கழிவு என்று பெயர். கழிவு கூடிப்போச்சு என்று மூட்டை கொண்டுவந்த சம்சாரி சண்டை போடுவதும், பத்தாது என்று கடைக்காரர் முனகுவதும் எங்கள் கடைவீதியின் அன்றாட ஓசை. சாக்குக்கு மேல் ஒரு குன்றிமணி கழிக்க மாட்டார் என்பதுதான் கடைவீதியில் அப்பாவின் பெயர்.

கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்பது என்று ஏற்பாடு. முதல் வாரம் ஏறி நின்றேன். டாக்டரிடம் பார்த்த எடைக்கு மேல் முக்கால் கிலோ கூடியிருந்தது. பட்டினி கிடந்தது போலிருந்த ஒரு வாரத்துக்கு அது கூலி. அப்பா எண்ணை வாசித்து முடிப்பதற்குள் இறங்கிப் போனேன். கால்கள் தாமாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் கடைக்குப் போயின. ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி, எங்கள் கடைக்குப் பின்னால் நின்று, ருசி தெரிவதற்குள் தின்று முடித்தேன். காகிதத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டுத் திரும்பினால் கடையின் பின்கதவில் அப்பா. குப்பைக்கூடையை எடுத்து வைக்க வந்தவர்போல் அதை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் மழை. இடைசெவல் போகும் ரோட்டோரமாக நடந்தவள், லாரிக்கு ஒதுங்கிக் கரிசலில் காலை வைத்துவிட்டேன். நனைந்த கரிசல் மண் விடாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு அடுக்கு ஏறிக்கொண்டே போகும். கடைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு காலிலும் இரண்டு பூந்தொட்டிகள் இருந்தன. அப்படியே தட்டில் ஏறினேன். அப்பா எழுத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "மண்ணுக்கு ரெண்டு கிலோ கழிச்சிருதேன்" என்றார். நான் சிரித்தேன். ஊருக்கு வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து எடை இறங்கத் தொடங்கியது. அதுவும் சொல்லிவைத்தாற்போல், வாரம் தவறாமல். அப்பா கம்பத்துக்கு முன்னால் நின்று எழுத்தை வாசிப்பார், நான் நிமிர்ந்து சரிபார்ப்பேன். அவர் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருக்கும். நான் இறங்கியதும் பொத்தானை அமுக்கி அணைத்துவிடுவார், மின்சாரம் மிச்சம் என்பார். எடை குறைந்த வாரத்தில் எனக்குப் பரண் ஞாபகம் அவ்வளவாக வரவில்லை. நடை நீண்டது. நேர்காணலில் சிரித்தவர்களைப் பார்த்து நானும் சிரித்தேன். அம்மாவுக்குப் பதிலாகத் தின்பதை நிறுத்தி, மொறுமொறுப்பை வாயால் வர்ணித்து மட்டும் காட்டினேன். அவள் அதற்கும் ஒத்துக்கொண்டாள்.

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. நான் தட்டிலிருந்து இறங்கும் நேரம் அப்பாவின் போன் அடித்தது. மழைக்கு மிளகாய் நனைந்துவிட்டதாக யாரோ புலம்பினார்கள். அப்பா வாசலுக்குப் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார், பொத்தானை அமுக்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். வெறும் தட்டு. கம்பத்தில் சிவப்பாக: கழித்தல் குறி, மூன்று, புள்ளி, எட்டு.

தராசில் ஒன்றை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு அதை எடுத்துவிட்டால்தான் வெறும் தட்டு கழித்தல் காட்டும். எதை வைத்தார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூலையில் மடித்த சாக்குகள் நாலைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, சதுரமாக அடுக்கி இருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு சாக்காகக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. நான் இளைக்கவில்லை, சாக்குகள்தான் கொழுத்திருக்கின்றன. ஒரு கருவியையும் பூஜ்யம் பார்க்காமல் தொட்டதில்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னவள் நான். என் எடை குறைகிறது என்றதும் பார்க்கத் தோன்றவில்லை.

அப்பா போனை வைத்துவிட்டுத் திரும்பினார். கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் மூட்டையாப்பா?"

"இல்ல தாயி."

"பெறகு எதுக்குச் சாக்கு கழிச்சீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, ஒரு சாக்கை எடுத்து உதறி, மறுபடியும் மடித்தார். "அன்னைக்கு அந்தால நின்னு தின்னியே. பிள்ள இப்படித் திங்குதேன்னு இருந்துச்சு. எனக்கு வேற என்ன தெரியும்? தராசுதான் தெரியும்."

"கடைவீதியில ஒங்களுக்கு என்ன பேரு தெரியும்லா?"

"தெரியும். வெளிய சொல்லிராத."

நான் வெளியே வந்தேன். கால்கள் பழைய பாதையிலேயே போய் மிட்டாய்க் கடை முன்னால் நின்றன. கடைக்காரர் கேட்காமலே பொட்டலத்தை எடுத்தார். ஒன்று போதும் என்றேன். ஒன்றாக விற்பதில்லை என்று தயங்கி, பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துத் தந்தார், நோயாளிக்குத் தருவதுபோல். நின்று மென்றேன். கடலை சரியான பதத்தில் வறுபட்டிருந்தது, வெல்லத்தில் ஏலக்காய் இருந்தது. இத்தனை மாதம் தின்றதில் ஏலக்காய் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. மனக்கணக்குப் போட்டேன். சாக்குகளை எல்லாம் திருப்பிச் சேர்த்தாலும் ஒன்றரைக் கிலோ குறைந்துதான் இருந்தது. பொய்யான எண்ணை நம்பி உண்மையாகவே நடந்திருக்கிறேன். சுடிதாரில் ஊக்கு இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ஆனால் ஒன்றரைக் கிலோ போதுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், இரத்தத்தில் சாக்குக் கழிவு கிடையாது. மீதி இரண்டு வாரமும் அந்தப் பயத்திலேயே நடந்தேன். பரணில் ஏறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏறியபோது உட்கார்ந்து, தட்டில் போட்டு, பார்த்துத் தின்றேன்.

முடிவு வாங்க அப்பா கூட வந்தார். அம்மா வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தன் சர்க்கரை ஏறிவிடும் என்றாள். அங்கே எடை மேடையில் ஏறப்போனவளை அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து, "தங்கச்சி, வெறும் தட்டுல பூஜ்யம் காட்டுதா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"எடை போட வந்தியளா, தராசு வெலைக்கு வாங்க வந்தியளா?" என்றார் நர்ஸ்.

எண் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. கொஞ்சம்தான். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், இப்படியே போ, மூன்று மாதம் கழித்து வா என்றார் டாக்டர். படி இறங்கும்போது அப்பா இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதாவது வாங்குவோமா என்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, "வெயில் கூடிப்போச்சு" என்று முடித்தார்.

வீட்டில் அம்மா காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இது சாக்கு கழிச்ச கணக்கா, கழிக்காததா?"

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே கடைக்குக் கிளம்பிவிட்டார். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒங்க அப்பா ஒரு துணி மடிச்சுப் பாத்ததில்ல. ஞாயித்துக்கெழமையானா சாக்கு மடிக்கணும்னு ஒனக்கு முந்தியே கடைக்குப் போறாவன்னா எனக்குத் தெரியாதா?" என்றாள். காகிதத்தை நாலாக மடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், தன் இன்சுலினுக்குப் பக்கத்தில் செருகினாள். நாலைந்து முறை கதவைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்தாள்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை வந்தார். நல்ல சேதி கேள்விப்பட்டாராம். வெறுங்கையோடு வரலாமா? என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காராச்சேவுப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். நான் உள்ளங்கையில் ஏந்தித் தூக்கிப் பார்த்தேன். கால் கிலோ இருக்கும். காகிதத்தைக் கழித்தால் கொஞ்சம் குறையும்.