ஐந்து கூறும் ஓர் இருமலும்

தீபாவளி காலையில் எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு கிடாய் வெட்டுவது வழக்கம். செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சின்னத் தெரு. தராசு கிடையாது. தென்னங்கீற்றில் கறியை ஐந்து கூறாக வைப்பார்கள். எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் கண்ணளவில் சமம். ஒருவர் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு யாருக்கு என்று கேட்பார். நிற்பவர் ஒரு வீட்டைச் சொல்வார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வருடம் திரும்பி நின்றது பேப்பரில் நிருபராக இருக்கும் நான். தொட்டது என் அண்ணன். ஆட்டோ ஓட்டுபவர், அன்று அவருக்குச் சளி.

"இது யாருக்கு?"

"எதிர்வீட்டுக்கு."

அண்ணன் இருமினார். "இது யாருக்கு?"

"எங்க வீட்டுக்கு."

"நிறுத்துடா," என்றார் எதிர்வீட்டுக்காரர். "பெரிய கூறைத் தொட்டா நீ இருமுவ, ஒந் தம்பி ஒங்க வீட்டைச் சொல்லுவாரு. நாங்க என்ன கேணப்பயலுகளா?"

"சளிண்ணே."

"எங் கூறுக்கு வராத சளி ஒங் கூறுக்கு மட்டும் எப்படிடா வரும்?"

"அப்ப நீயே இதை எடுத்துக்க. அதை இங்குட்டுத் தள்ளு. கறிக்கு அலையுற நாயி!"

அறை விழும் சத்தம். யாரோ துப்பும் சத்தம். பிறகு மதினியின் அலறல். நான் திரும்பியபோது எதிர்வீட்டுக்காரர் வாயில் ரத்தம், முன்பல் ஒன்று இல்லை; கறிக்கத்தி அவர் கையில் இருந்தது. அண்ணனின் இடதுகையில் இரண்டு விரல்கள் இல்லை. கறியோடு கறியாகக் கிடந்தவற்றைத் தேடி எடுக்க நேரமாயிற்று. ஒட்ட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். "மொதல்ல அடிச்சது யாரு? பாத்தீகளா?"

"திரும்பி நின்னேன்."

"நல்ல ரிப்போர்ட்டர் சார் நீங்க."

இரண்டு பக்கமும் வழக்குப் போட்டார். "அவருக்குப் பல்லு, இவருக்கு வெரலு. சரிக்குச் சரி."

எங்கள் பேப்பரிலேயே செய்தி வந்தது: 'இரு தரப்பினர் மோதல், இருவர் காயம்'. அந்தத் தலைப்பில் ஒரு பல்லும் இரண்டு விரல்களும் ஒரே எடை.

கட்டுப் பிரித்த அன்று அண்ணன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். கிளட்ச் இடதுகையில். மிச்ச விரல்களால் இழுத்தார், வழுக்கியது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

"மெதுவா இழுக்க மாட்டீகளா?" என்றார் மதினி, அழாமல்.

மறுபடி இழுத்தார். மறுபடி நின்றது.

ஜாமீனில் வந்திருந்த எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே ஒருமுறை இருமினார்.

அண்ணன் இறங்கினார். வலதுகையில் ஸ்பேனர். இந்த முறை நான் திரும்பி நிற்கவில்லை.