நான்கு வயதுப் பிள்ளைகளோடு பரமட்டா ஆற்றுக்கு

போன ஆகஸ்டில், எங்கள் சைல்ட்கெயாரின் நான்கு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைப் பரமட்டா ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனோம். சின்னப் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் அங்கே பயிற்சி ஊழியர். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது.

தினமும் காலையில் பிள்ளைகள் நீலப் பாயில் வட்டமாக உட்கார்ந்து, உள்ளங்கையைக் கீழே வைத்து, இந்த நிலத்தின் ஆதிக்குடிகளும் சொந்தக்காரர்களுமான தாருக் மக்களுக்கு நன்றி சொல்வார்கள். சொல்லிக் கொடுப்பவள் என்னோடு வேலை செய்யும் கெய்லா. அவளே தாருக் பெண்தான். பயணத்துக்கு முதல் நாள், "ஆத்தடியில நீ சொல்லு," என்றாள். (ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.) "எவ்வளவு நாளைக்கு எனக்கு நானே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது?"

சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். பெற்றோரும் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல் இங்கேயும் ஊமையாக நின்றால், இந்த வேலையையும் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு வசனம் எழுதிப் பாடமாக்கினேன்.

காலை ஒன்பதரைக்கு டூங்கபியில் ரயில் ஏறினோம். பரமட்டாவுக்குப் பத்து நிமிடம் போலத்தான். மூன்று வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு டிக்கெட் தேவையில்லை. ஸ்டேஷனிலிருந்து ஆற்றங்கரைப் பூங்கா ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பெரியவர்களுக்குக் கால் மணி நேரம். எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, ஏனென்றால் வழியில் நின்ற ஒரு குப்பை லொறியை விட்டுப் பிள்ளைகள் நகரவில்லை.

பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை. ஆற்றைக் காட்டி கெய்லா விலாங்கு மீன்களைப் பற்றிச் சொன்னாள். அவை இங்கிருந்து கடலுக்குள் வெகுதூரம் போய் முட்டையிடும். குஞ்சுகள் திரும்பி ஆறு ஏறி வரும். பரமட்டா என்ற பெயரே விலாங்கிலிருந்து வந்ததாம். உடனே பன்னிரண்டு பேரும் புல்லில் விழுந்து நெளிந்தார்கள்.

பிறகு கெய்லா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் முழங்காலில் இருந்து, எல்லோரையும் கையைக் கீழே வைக்கச் சொன்னேன். ஒருவரும் வைக்கவில்லை. பிள்ளைகளில் தமிழ் பேசும் ஆயிஷா சுற்றுமுற்றும் தேடினாள்.

"அக்கா, பாய் எங்க?"

"சென்டர்ல இருக்கு."

"அப்ப எப்பிடிச் சொல்லுறது? பாய்தானே கெய்லாட நிலம்?"

"மேட்! மேட்!" என்று மற்றவர்களும் ஆங்கிலத்தில் பாயைக் கேட்டுக் கத்தத் தொடங்கினார்கள். கெய்லா புல்லிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ்வளவு நாளும் பாய்க்கா நன்றி சொன்னனாங்கள்!"

ஆயிஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த இலைகளைக் கையால் ஒதுக்கினேன். கீழே ஈரமண்.

"இதைத் தொட்டுப் பாருங்கோ. இதுதான் நிலம். பாய்க்குக் கீழயும் இதுதான்."

"எங்கட வீட்டுக்குக் கீழ?"

"ஓம்."

"ரயிலுக்குக் கீழ?"

"ஓம்."

"டொய்லட்டுக்குக் கீழ?"

"ஓம், அதுக்குக் கீழயும்."

ஆயிஷா கெய்லாவிடம் திரும்பி, எல்லாமே உன்னுடையதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்ர ஆக்கள்ட. நீங்களும் இருக்கலாம், வடிவாப் பார்த்துக்கொண்டா சரி. இப்ப என்ர விலாங்குக்குக் கல் எறியிறது ஆர்?"

எல்லாக் கைகளும் சேற்றுக்குள் போயின, பெற்றோரின் கைகளும். ஆங்கிலத்திலும் தமிழிலும் நன்றி சொன்னேன். பாடமாக்கியதில் ஒரு சொல்கூட அதில் இல்லை. அதன் பிறகும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆயிஷாவின் அம்மா ரிஹானா அன்ரி என்னிடம் சொல்லித்தான் தெரியும். "மகள், இவ்வளவு பேசின நீங்கதான் இந்தச் சேத்துச் சப்பாத்தையும் கழுவோணும்!"

இப்போது எங்கள் காலை வட்டம் வெளியே, மரத்தடியில். வாரத்தில் இரண்டு நாள் நான்தான் சொல்கிறேன். பயிற்சியின் அடுத்த பகுதிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் போவதென்றால், ஆற்றோரம் எல்லா இடத்திலும் வேலி இல்லை, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றுக் காலுறை இரண்டு சோடி வேண்டும். உங்கள் இடம் எந்த மக்களுடையது என்று முதலே விசாரியுங்கள். மெல்பேர்னில் தாருக் மக்களின் பெயரைச் சொன்னால் அது பிழை. நன்றி சொல்ல யாரை விடலாம் என்று யோசித்தால், உங்களில் ஆகக் கூச்சப்படும் ஆளை விடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.