இடது கையா, வலது கையா?

எண்பதுகளின் கடைசி அது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு நானும் என் நண்பன் சேகரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோட்டார் கம்பெனிக்கு இன்டர்வியூ போனோம். வராந்தாவில் காத்திருந்தபோது எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"மச்சான், காந்தப்புலத்துல கீற கம்பியில கரண்ட் போனா, அது எந்தப் பக்கம் நகரும்னு கேட்டா எந்தக் கை விரல வெச்சுடா காட்டணும்?"

"வலது கை மாமே," என்றான், கொஞ்சமும் யோசிக்காமல்.

முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். அடுத்து நான். உள்ளே அதே கேள்வி. தைரியமாக வலது கையை நீட்டினேன். அதிகாரி சிரித்துவிட்டார்.

"அது ஜெனரேட்டருக்குப்பா. மோட்டாருக்கு இடது கை. இப்பப் போன பையன் இடது கையைச் சரியாக் காட்டினானே!"

வெளியே வந்து சேகரின் சட்டையைப் பிடித்தேன்.

"எனக்கு ஏண்டா தப்பாச் சொன்ன?"

"ஒரே ஒரு இடம்தான் கீதாம்," என்றான், தரையைப் பார்த்தபடி. "எங்க ஊட்லயும் கஷ்டம்டா."

வேலை அவனுக்குக் கிடைத்தது. சில மாதம் கழித்து எனக்கும் ஆவடியில் ஒரு வேலை அமைந்தது. அவனோடு நான் அதன்பிறகு பேசவேயில்லை.

அவன் வெளிப்படையாகக் கேட்டிருந்தால் அந்த வேலையை விட்டுக்கொடுத்திருப்பேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் விட்டுக்கொடுத்திருப்பேனா, தெரியவில்லை. ஆனால் எனக்கு விடை தெரிந்திருந்து, அவன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இடது கை என்றுதான் சொல்லியிருப்பேன்.