வெற்றி நாளில் நான் அடித்த துக்க மணி

2009 வைகாசி. சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. மன்னார் பட்டினத்தில் வெடி கொளுத்தினார்கள். என் மகள் ஜெசிந்தா, புருஷனோடும் கைக்குழந்தையோடும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். மாசிக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. "ஆண்டவரே, உயிரோடு இருக்கிறாளா என்றாவது சொல்லும்" என்று நாள்தோறும் மன்றாடியவன் நான். அன்று அதற்கும் வாய் வரவில்லை. அவ்வளவு பயம், சகோதரங்களே.

எங்கள் கோயிலில் மணி அடிப்பவன் நான்தான். காலையில் ஓர் இராணுவ அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்தார். வெற்றிக்கு நன்றியாக மணி அடிக்க வேண்டுமாம். பங்குச் சுவாமியார் முருங்கனுக்குப் போயிருந்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவு ஏது? கயிற்றைப் பிடித்தேன்.

திருநாள் மணியை விடாமல் வேகமாக அடிக்க வேண்டும். என் கை கேட்கவில்லை. ஓர் அடி. இடைவெளி. மறுபடி ஓர் அடி. பெண்கள் முக்காட்டோடு வாசலுக்கு வந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் விளங்கியது, நான் அடிப்பது துக்க மணி! நிறுத்தவும் பயந்து அப்படியே அடித்தேன்.

அதிகாரி முகம் சுளித்து ஒரு சிப்பாயிடம் ஏதோ கேட்டார். அவன் கழுத்தில் செபமாலை. இவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தொலைந்தேன் என்று நினைத்தேன். அவன் சிங்களத்தில் சொன்னது எனக்குப் புரிந்தது. "கோயிலில் இப்படித்தான், சேர்."

அதிகாரி ஜீப்பில் ஏறியதும் அவன் என்னிடம் வந்து தமிழில் கேட்டான்.

"ஐயா, யார் செத்தது?"

"தெரியாது தம்பி. மகள் வன்னிக்குள்ளை நிண்டவள். இருக்கிறாளோ இல்லையோ தெரியேல்லை."

"பேர் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். பிறகு பத்து நாள் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையை என் வாயாலேயே காட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

பதினோராம் நாள் அவன் வேலியோரம் வந்து ஒரு துண்டுக் கடதாசியைத் தந்துவிட்டு, நில்லாமல் போய்விட்டான். மகளின் கையெழுத்து. "அப்பா, நானும் பிள்ளையும் செட்டிகுளம் முகாமிலை இருக்கிறம். அவர் இல்லை."

மருமகனுக்குப் பெட்டியும் இல்லை, குழியும் இல்லை. அவருக்கென்று அடித்த மணி அது ஒன்றுதான்.

அந்த வெற்றிக்கு நன்றி சொல்ல இன்றும் என்னால் முடியவில்லை. அந்தச் சிப்பாய்க்காக வைகாசிதோறும் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். பெயர் கேட்கவில்லையே என்று சுவாமியாரிடம் வருந்தினேன். "ஆண்டவருக்குத் தெரியும், நீங்கள் மணியை அடியுங்கோ" என்றார். பயத்தில் வாய் அடைத்துப்போனவர்கள் இங்கே இருந்தால், நம்புங்கள். நான் வாய் திறக்காத அன்றைக்கும் ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டார்.